அடுப்பைப் பார்க்கப் போகும் இடம்

அவருக்கு ஊரார் வைத்த பெயர் முற்றுப்புள்ளி. முகத்துக்கு நேரே சொல்லும்போது மட்டும் ஓர் 'ஐயா' சேர்த்துக்கொள்வார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் வேதத்துக்கு விளக்கம் சொல்வது அவர் வேலை. யாராவது எழுந்து, "ஐயா, என்ன இருந்தாலும் மனுஷன் கையால எழுதினதுதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருக்காதா?" என்று கேட்டுவிட்டால் போதும். "கடவுள் சொன்னார், மனுஷன் எழுதிக்கிட்டான். முற்றுப்புள்ளி" என்று ஒற்றை விரலால் மேசையைத் தட்டுவார். கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவரிடம் நாலாவது காலை யார் கொண்டுபோய்க் காட்டுவது?

அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், ஃபிரேமுக்குத் தக்கபடி லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். சாயங்காலத்தில் விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருக்கும். ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவளின் அப்பாவுக்குத்தான் பார்வை போயிற்று. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது. அதற்கு எந்தக் கண்ணாடியும் உதவாது என்று வேறு யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண் போனதும் கூடத்து வேலை போயிற்று. வேதம் மட்டும் போகவில்லை. தினமும் விளக்கு போடும் நேரத்தில் முன்னறையில் அவர் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். எதிரே ஸ்டூலில் அம்மா உட்கார்ந்து படிப்பாள். கடைசிப் பக்கம் முடிந்தால் மறுநாள் முதல் பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், முழு வேதமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கரைத்துக் குடித்தவருக்கு எதற்கு மறுபடி கரைத்துக் கொடுப்பது என்று மகள் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கறது என் பேச்சும்மா. அதுல இருக்கறதுதான் அவர் பேச்சு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கான்னு தினமும் பாத்துக்கணும்" என்றார்.

அம்மா பாவம், பெரிய படிப்பாளி இல்லை. ஒரு சொல்லை விழுங்கினாலும் அவர் கையைத் தூக்கிவிடுவார். "உம்... மறுபடி." அம்மா மறுபடி படிப்பாள். முணுமுணுக்க மாட்டாள். ஆனால் ஒரே ஓர் அதிகாரத்தில், ஒரே ஓர் இடம் வரும்போது மட்டும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவாள்.

"அடுப்பை அணைச்சேனா தெரியலைங்க. பாத்துட்டு வந்துடறேன்."

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். போக நாலடி, வர நாலடி. ஆனாலும் அம்மா வர வெகுநேரம் ஆகும். முகம் கழுவிக்கொண்டு வருவாள். "அணைஞ்சிருக்கா?" என்று அவர் கேட்பார். "அணைஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்கு அடுத்த வரியிலிருந்து படிப்பாள். விட்டுப்போன வரி இதுதான்:

'தன் உயிரைத் தானே எடுத்தவன் என் வாசலைக் காணான்.'

அம்மா அதை ஏன் விட்டாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

மகனை வீட்டில் வாலு என்பார்கள். பெயருக்கு ஏற்றவன்தான். சின்ன வயதில் வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டிய பிறகு நாலு திருகாணி மிச்சம் என்று சிரித்தவன். வளர்ந்து லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போனான். போன இடத்திலெல்லாம் நல்ல பெயர். பிறகு என்னவோ ஆயிற்று. தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. கையில் ஸ்பேனரோடு, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் மணிக்கணக்கில் நிற்கிறான் என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து சொன்னார்கள். மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்றாள் மகள். அம்மாவும் தலையாட்டினாள். முற்றுப்புள்ளி ஐயா வேதத்தை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

"எல்லா மருந்தும் இதுல இருக்கு. நம்பிப் படி."

படித்தான். அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. முழுவதும் படித்து முடித்துவிட்டு, அக்காவிடம் வந்து சொன்னான். "எல்லாம் படிச்சுட்டேன்க்கா. எனக்கு மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது." அவள் அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள், அடுத்த வாரம் நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். அந்த அடுத்த வாரம் வரவில்லை. அதற்குள் அவன் தன் உயிரை எடுத்துக்கொண்டுவிட்டான்.

இறந்தவரைத் தூக்கும் முன் வழியனுப்பும் பிரார்த்தனை ஒன்று உண்டு. வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லித்தான் அதைச் சொல்வார்கள். அதை யார் சொன்னாலும் அவர் சொன்னதுபோல வராது என்று ஊருக்கே தெரியும். அன்று வாசல் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் உள்ளறைக் கதவைத் திறக்கவில்லை. அம்மா கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் பேரைச் சொல்லிடுங்க" என்று கெஞ்சினாள். "வேதம் சொல்லிடுச்சு" என்று மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. அன்றைக்கு முற்றுப்புள்ளி என்ற சொல் வரவில்லை. ஆனாலும் கதவு திறக்கவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லாமல் வாலுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் மகள் காதில் விழவில்லை.

மகள் அப்பாவை மன்னிக்கவில்லை. சோறு போடுவாள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவாள், கைபிடித்து நடத்துவாள். மன்னிப்பு வேறு சங்கதி. அந்த வரியை விட்டுவிட்டுப் படிப்பதாக அம்மாவே ஒருநாள் சொல்லியிருந்ததை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் அம்மா. ஓர் எழுத்து பிசகினால் கையைத் தூக்குகிற மனிதர், ஒரு வரியே காணாமல் போகும்போது கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மகனைப் பற்றிப் பேச வேண்டி வருமே என்று செவிடர் வேஷம் போடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் காலையில் துணி உலர்த்தப் போன அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழவில்லை. இரண்டு பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, அதற்காக ஒரு பிரார்த்தனைகூடக் கேட்டு வாங்க முடியாமல் போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவுக்கு அவர் பிரார்த்தனை சொன்னார். தடவித் தடவி வந்து அவள் தலைமாட்டில் நின்று, வீட்டுப் பெயரைச் சொல்லி, ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். "களைத்து வந்திருக்கிறாள். வாசலில் நிறுத்தி வைக்காதே. உள்ளே கூப்பிட்டுக்கொள்." கூடியிருந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். மகளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்தது என்ற ஆத்திரம்தான் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, "நீ படிக்கிறியாம்மா?" என்று கேட்டார். சரி என்றாள். கடைவிட்டு நேரே வந்து, கொண்டுவந்த சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அம்மாவின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாசத்தால் ஒத்துக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். அந்த இடம் வரட்டும் என்று ஒத்துக்கொண்டாள். அம்மா மறைத்ததை நான் மறைக்க மாட்டேன். இவர் முகத்துக்கு நேரே படிப்பேன். இது கடவுள் சொன்னதா இல்லையா, என் தம்பி வாசலில் நிற்கிறானா உள்ளே இருக்கிறானா, வாயைத் திறந்து சொல்லட்டும். அதுதான் அவள் கணக்கு.

அந்த இடமும் வந்தது. மழை வருகிற மாதிரி புழுக்கமாக இருந்த ஒரு சாயங்காலம். அவள் நிதானமாக, எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்கும்படி படித்தாள்.

"தன் உயிரைத் தானே எடுத்தவன் என் வாசலைக் காணான்."

நிமிர்ந்து பார்த்தாள். அவர் அசையவில்லை. கையைத் தூக்கவும் இல்லை. மெதுவாகச் சொன்னார்.

"அந்த இடத்துல உங்கம்மா அடுப்பைப் பாக்கப் போவா."

மகள் புத்தகத்தைத் தாழ்த்தினாள். "அப்ப... உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு எழுத்து போனா தெரியுது. ஒரு வரி போனா தெரியாதா?"

"தெரிஞ்சும் ஏம்ப்பா சும்மா இருந்தீங்க? இந்த வரி கடவுள் சொன்னதில்லைன்னு ஒரே ஒரு வார்த்தை அம்மாகிட்ட சொல்லியிருந்தா, நிம்மதியா கண்ணை மூடியிருப்பாங்களே!"

"வாயெடுத்திருக்கேன்." அவர் விரல் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தது. "இன்னும் நாலு பக்கம் தள்ளிப் பாரு. 'பிரிந்தவர்கள் என் முற்றத்தில் ஒருவரையொருவர் கண்டுகொள்வார்கள்'னு ஒரு வரி வரும். ரெண்டையும் சொன்னது ஒரே வாய். இது பொய்யின்னா அது எப்படிம்மா நிஜமாகும்? அது பொய்யின்னா உங்கம்மா எங்க போனா? இது நிஜம்னா அவன் எங்க போனான்?"

சண்டைக்குக் கட்டிக்கொண்டு வந்த சொற்களெல்லாம் எங்கோ போய்விட்டன.

"எல்லாரும் என்னைக் கேட்டாங்க, நான் மேசையைத் தட்டினேன். நான் கேக்கறதுக்கு ஆள் இல்லை" என்றார். "மருந்து இதுல இருக்குன்னு அவன் கையில குடுத்தவன் நான். நம்பிப் படிச்சான். எதையும் விட்டிருக்க மாட்டான். இந்த வரியையும் படிச்சிருப்பான்."

தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. அவர் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. வழிவது தெரிந்ததா என்றும் தெரியவில்லை.

"போம்மா. நீயும் போய் அடுப்பைப் பாத்துட்டு வா."

அவள் புத்தகத்தை ஸ்டூலின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அடுப்பு அன்றைக்குப் பற்றவைக்கப்படவே இல்லை. துடைத்துவைத்தது துடைத்துவைத்தபடி இருந்தது. அம்மாவின் பிடிதுணி ஆணியில் தொங்கியது. இல்லாத நெருப்பை என்னவென்று பார்ப்பது என்று நின்றவளுக்கு, பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து அவர் குரல் கேட்டது. தாழ்ந்த குரல்தான். ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"வாலு. என் வாலு. களைத்து வந்திருக்கிறான். வாசலில் நிறுத்தி வைக்காதே. உள்ளே கூப்பிட்டுக்கொள்."

வழியனுப்பும் பிரார்த்தனை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஓர் எழுத்து பிசகாமல். தட்டுத் தடுமாறாமல் வந்ததைக் கேட்டால், முதல் தடவையாகச் சொல்கிறவர் சொல்வதுபோல இல்லை. அந்த வரி வந்த போதெல்லாம், அம்மா எழுந்துபோன போதெல்லாம், அந்த ஒரு வரியின் இடத்தில் அவர் தன் பிள்ளையை வழியனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அம்மாவும் இதே இடத்தில் நின்றுதான் கேட்டிருக்கிறாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கெஞ்சிக் கிடைக்காததை, அடுப்பைச் சாக்குச் சொல்லி வாங்கிக்கொண்டிருக்கிறாள். கேட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேதத்தை விட வேண்டும், இல்லை பிள்ளையை விட வேண்டும். இரண்டு பேரும் ஒரு பலகையை நடுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்துவிட்டார்கள்.

மகள் பிடிதுணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அம்மா செத்தபோது வராத அழுகை, தம்பிக்கு மிச்சம் வைத்திருந்த அழுகை, எல்லாம் சேர்ந்து வந்தது. குரல் ஓய்கிறவரை காத்திருந்தாள். பிறகு குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"அணைஞ்சிருக்கா?" என்று அவர் கேட்டார்.

"அணைஞ்சுதான் இருக்குப்பா."

அவர் தலையை ஆட்டினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்த வரியிலிருந்து படித்தாள். ஒரு சொல்லை விழுங்கிவிட்டாள். அவர் கை மெல்ல உயர்ந்தது.

"உம்... மறுபடி."

அவள் மறுபடி படித்தாள்.