இரண்டாவது ஊதல்

"மூச்சை முழுசா இழு. இப்போ ஊது. ஊது, ஊது, விடாதே, இன்னும் கொஞ்சம்."

நுரையீரல் பரிசோதனை அறையில் வருகிறவர் போகிறவரையெல்லாம் இப்படி அதட்டி ஊதவைப்பதுதான் அக்காவின் உத்தியோகம். இன்று எதிரில் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. மூக்கில் கிளிப், வாயில் அட்டைக் குழாய், கண்ணில் தண்ணீர். சொந்தக்காரர்களை வேறு யாராவது பார்ப்பதுதான் முறை. "நீ திட்டினாத்தான் எனக்கு மூச்சே வரும்" என்று அவன் அடம்பிடித்துவிட்டான். மூன்று முறை ஊதினான். மூன்றிலும் திரையில் கோடு கொஞ்சம் எழும்பி, உடனே படுத்துக்கொண்டது.

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சக் கொடுத்தாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். கோடு ஏறினால் ஆஸ்துமா. மருந்து, மாத்திரை என்று காலத்தை ஓட்டிவிடலாம். ஏறாவிட்டால் உள்ளே சின்னச் சின்னக் குழாய்களெல்லாம் தழும்பு கட்டி அடைத்துப்போயிருக்கின்றன என்று அர்த்தம். போனது போனதுதான். ஏறட்டும், ஏறித் தொலையட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

தம்பிக்கு எசன்ஸ் தொழிற்சாலையில் வேலை. பாப்கார்னுக்கும் பிஸ்கட்டுக்கும் வெண்ணெய் மணம் கொடுக்கிற திரவத்தைச் சூடான தொட்டியில் இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கலக்குவான். மற்றவர்கள் வேலை முடிந்து நாற்றத்தோடு திரும்பும்போது இவன் மட்டும் மணக்க மணக்க வருவான். தெருப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். 'வெண்ணெய்' என்றே பேராகிவிட்டது; அது செல்லமா, திட்டா என்று அவன் விசாரித்ததில்லை. நாற்றமடித்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டாவது தப்பித்திருப்பான். பாழாய்ப்போன அந்த வாசனைதான் நைசாக நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது.

அதே கலவை அறையிலிருந்து இன்னும் சிலர் இருமிக்கொண்டு வந்த பிறகுதான் அக்காவின் ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆராய்ச்சியில் இறங்கினார். ஆட்களின் இடுப்பில் காற்றை உறிஞ்சும் சின்ன பம்பு ஒன்றை மாட்டி, அதன் குழாயைக் காலரில் செருகி, அவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பிடித்து அளந்தார். ஆய்வகத்தில் எலிகளையும் அதே திரவத்தின் ஆவியில் விட்டுப் பார்த்தார்.

"எலிக்கு என்னக்கா ஆச்சு?" என்றான் தம்பி.

"மூக்குதான் அதிகமா புண்ணாச்சு. எலி மூக்காலதான் மூச்சு விடும். ஆவி பெரும்பாலும் அங்கேயே நின்னுடும். நீ டிரம்மைத் தூக்கும்போது வாயைத் திறந்து மூச்சு வாங்குறே. அது நேரா உள்ள போயிடுது."

"சின்ன வயசிலேர்ந்து வாயை மூடுடான்னு சொன்னே. கேட்டேனா?"

சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சைத் தேடினான். அக்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். எலும்பு கையில் தட்டியது.

"திங்கக்கிழமை வேலைக்குப் போகலாம்னு டாக்டரை எழுதித் தரச் சொல்லுக்கா."

"மாடிப்படி ஏற முடியல, வேலைக்குப் போறானாம். அப்படி என்னடா அவசரம்?"

"முதல்ல ஊதுறேன். அப்புறம் பேசலாம்."

கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அக்கா கத்தினாள். கத்தினால் தழும்பு இளகிவிடுமா? புதுக்கோடு பழைய கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும். கடைசியில் அவன் கண் இருட்டி முன்னால் சரிய, தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறலையாக்கா?"

பொய் சொல்ல மனசு வந்தது, வாய் வரவில்லை.

"இல்லடா."

"அப்போ திரும்பப் போக முடியாதா?"

"அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாது."

தம்பி தரையைப் பார்த்தான். "என் இடம் போயிடக் கூடாதுன்னு அவ நிக்கிறாக்கா."

"யாரு?"

"என் பொண்டாட்டிதான். பேக்கிங்ல இருந்தவளை நான்தான் கேட்டு மாத்தினேன், நான் திரும்பி வர்ற வரைக்கும். எப்படிக் கலக்கணும்னுகூட நானே சொல்லிக்கொடுத்தேன்."

அவனை அறைய வேண்டும்போலவும் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது அக்காவுக்கு. இரண்டையும் செய்யாமல் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டாள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"என்ன அண்ணி, சோதனை முடிஞ்சுதா?"

தம்பி போனைப் பிடுங்கினான். "உடனே வெளிய..." அதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது.

"வெளிய எதுக்குங்க? தொட்டியைத் திறந்தாச்சு. இப்ப விட்டுட்டு வந்தா உங்க வேலைதான் போகும்."

அவன் வாயைத் திறந்தான். ஊதி ஊதித் தீர்த்த நெஞ்சிலிருந்து காற்று மட்டும் கீச்சென்று வந்தது.

"லைன் சரியில்லை. வச்சுடறேன். சாப்பிட்டுடுங்க."

அக்கா மறுபடி போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. "ஏன்டா எடுக்க மாட்டேங்கிறா?" என்று தம்பியை உலுக்கினாள்.

அவன் துடுப்பைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக் கலக்கிக் காட்டினான்.