இரண்டு குடும்பத்துக்கு ஒரு கூடாரம்

லோரியின் மேலிருந்து சோல்ஜர்கள் இரண்டு பேர் அந்தக் கூடாரச் சுருட்டை உருட்டித் தள்ளியபோது, கீழே மேய்ந்துகொண்டிருந்த காளியம்மாளின் பெட்டைக்கோழி அதற்கடியில் போய்விட்டது. ஒரு கத்தல்கூட இல்லை. சுருட்டைப் புரட்டிப் பார்த்தால் இறக்கையும் குடலுமாகத் தரையோடு ஒட்டிக் கிடந்தது. காலையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குத் தீ வைத்தபோது அரிசிப் பானையை விட்டு, துணிமணியை விட்டு, ஒரு கையில் குழந்தையும் மறு கையில் அந்தக் கோழியுமாகத்தான் காளியம்மா ஓடிவந்திருந்தாள். சோல்ஜர் ஒருவன் சிரித்தான். மற்றவன் அடுத்த சுருட்டைத் தள்ளினான். ரோசரி கோழியைப் பார்க்கவில்லை, காளியம்மாளின் முகத்தைத்தான் பார்த்தாள். நல்லா வேணும் என்று நினைத்தாள். நினைத்ததும் வாய்க்குள் ஒரு கசப்பு வந்தது. வந்தால் வரட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

செம்மண்சடக்கு ரப்பர் தோட்டம் புக்கிட் ரோத்தான் டவுனிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்தது. அரசாங்கத்தை எதிர்த்துக் காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிகிறவர்களுக்கு இந்த லயத்திலிருந்து அரிசி போகிறது என்று அரசாங்கத்துக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். யார் கொடுத்தது என்று விசாரிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? லயத்தையே கொளுத்திவிட்டால் விசாரணை முடிந்தது. சனங்களை ரப்பர் ஸ்டோருக்குப் பக்கத்தில் பந்து விளையாடும் திடலுக்கு ஓட்டிவந்து, சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். கூடாரம் போதவில்லை. இரண்டு குடும்பத்துக்கு ஒன்று என்று தோட்டத்துத் தொரை சொல்லிவிட, கணக்கெழுதும் கிராணி நாராயணசாமி லயத்தில் எந்தக் கதவுக்கு அடுத்தது எந்தக் கதவோ அப்படியே சோடி சேர்த்துவிட்டார். அப்படித்தான் ரோசரிக்குக் காளியம்மாளும் அவள் புருஷன் செல்லனும் வாய்த்தார்கள். அதற்குப் பதில் தன்னை அந்தக் கோழி கிடந்த இடத்திலேயே கிடத்தியிருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

ரோசரியின் புருஷன் அந்தோணிதாஸ் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தான். போன மாதம் ஒருநாள் பொழுது சாயும் நேரம் காட்டுக்காரர்கள் நேராக அவன் கதவுக்கு வந்து, சோற்றுத்தட்டின் முன்னாலிருந்து இழுத்துப் போனார்கள். தொரைக்குத் துப்புச் சொல்கிறான் என்றார்கள். ரப்பர்ப் பால் மரத்தில் கட்டி, பால் வெட்டும் கத்தியாலேயே கழுத்தில் மரத்துக்கு வெட்டுகிற மாதிரி சரிவாக வெட்டினார்கள். கீழே பால் பிடிக்கிற மங்கு ஒன்றையும் கட்டிவைத்துவிட்டுப் போனார்கள். அந்த மங்கை ரோசரி பார்த்தாள். மகள் டொரீன் பார்க்கக்கூடாது என்று அதை அவளே அவிழ்த்துப் புதரில் எறிந்தாள்.

இலை விழுந்தால் குரைக்கிற செல்லனின் நாய் அன்றைக்குக் குரைக்கவில்லை. மறுநாள் குழாயடியில் செல்லன் தன் பால்வாளியைக் கழுவக் கவிழ்த்தபோது, அடியில் ஒட்டியிருந்த பச்சரிசி நாலைந்து மணி உதிர்ந்ததை ரோசரி தன் கண்ணாலேயே கண்டாள். இதை யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மாதம் வெந்தாள். இன்று மத்தியானம் டவுனிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர், செத்தவனின் பெண்சாதி என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கூடாரங்கள் நின்றதும் சாயங்காலம் வருகிறேன், அரிசி கொடுத்த ஆள் யாரென்று கையை நீட்டிக் காட்டினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம் என்றார். அரிசி கொடுத்தவனுக்குத் தூக்கு என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். காட்டுறேங்க என்று ரோசரி தலையாட்டினாள். அவள் தலையாட்டியதைத் திடலே பார்த்தது. செல்லனும் பார்த்தான்.

இப்போது அவனோடு சேர்ந்து கூடாரம் போட வேண்டும்.

சோல்ஜர்கள் லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு நாதி இல்லை. சுருட்டைப் பிரித்தால் ஒரு வீட்டுக் கூரை அளவுக்கு விரிந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கம்பு, மேலே குறுக்கே வைக்க ஒரு நீளக்கட்டை, ஒரு மூட்டை முளை, அதை அடிக்கக் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல் ஒன்று, விரல் மொத்தத்தில் சணல் கயிறு. எது எங்கே போகும் என்று எந்த மகராசனுக்குத் தெரியும்? எல்லோரும் செல்லனைத்தான் பார்த்தார்கள். தோட்டத்துக்கே பந்தல்காரன் அவன். ரோசரியின் கல்யாணப் பந்தல்கூட அவன் போட்டதுதான். அந்தோணிதாஸின் சாவுக்குத்தான் பந்தல் இல்லை. ஊரடங்கு போட்டு, உடலைப் போலீசே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டது.

செல்லன் துணியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். இதுவும் பந்தல்தான், ஓலைக்குப் பதில் துணி, அவ்வளவுதான் என்றான். கம்புகளுக்கு முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னான். பந்தல்கால் அப்படித்தான் நிற்கும். பக்கத்துணியைத் தரையோடு சேர்த்து முளையடித்து மூடச் சொன்னான். கயிற்றைச் சுண்டினால் ஞொய்யென்று கேட்க வேண்டும், அந்த அளவுக்கு இழுத்துக் கட்டு என்றான். அக்கம்பக்கத்துக் கூடாரக்காரர்களும் அவன் செய்வதைப் பார்த்து அப்படியே செய்தார்கள். துணி பிணம் கனம் கனத்தது. அவனும் காளியம்மாளும் ஒருபக்கம், ரோசரியும் டொரீனும் மறுபக்கம் நின்று தூக்கினார்கள். தூக்கும்போது அவன் மூச்சு வாங்குவது அவள் காதில் விழுந்தது. அந்த மூச்சை நிறுத்திவிடலாமா என்று அவள் கை துடித்தது.

பின்பக்கக் கம்பின் கயிற்றுக்கு முளை அடிக்கும்போதுதான் இருவரும் தனியாக இருந்தார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க வேண்டும். செல்லன் குந்தி உட்கார்ந்து முளையைப் பிடித்தான். கொட்டாப்புளி ரோசரியின் கையில் இருந்தது.

"அன்னிக்கு நாய எதுக்குக் கட்டிப்போட்ட?" என்றாள். அண்ணே என்று கூப்பிட்ட வாய்தான். இப்போது அந்தச் சொல் வரவில்லை.

செல்லன் நிமிராமலே சொன்னான். "கட்டல. அவனுங்க வந்ததும் அதோட கழுத்தத் திருவிப் போட்டானுங்க. அரிசி குடுத்தது உண்மைதான் தங்கச்சி. குடுக்கலன்னா உசுரு இல்லன்னானுங்க, குடுத்தேன். அன்னிக்கு வந்து மண்டோர் வீடு எதுன்னு கேட்டானுங்க. நான் வாயத் தொறக்கல. எம் புள்ள கழுத்துல கத்திய வச்சான்." முளையை நேராக நிமிர்த்திப் பிடித்தான். "கையக் காட்டிட்டேன்."

முளையைப் பிடித்திருந்த அந்த வலது கையை ரோசரி பார்த்தாள். கொட்டாப்புளியை ஓங்கி அந்தக் கையின் மேலேயே இறக்கினாள். முளையின் தலைக்கும் கொட்டாப்புளிக்கும் நடுவில் விரல்கள் நொறுங்கியது அவளுக்கே கேட்டது. மறுபடியும் ஓங்கினாள். செல்லன் கையை எடுக்கவில்லை. அடுத்த அடியும் அங்கேயே விழுந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைச் சுற்றினான். ஆட்காட்டி விரல் திசைமாறித் தொங்கியது. இனி அந்தக் கை பால் வெட்டும் கத்தியைப் பிடிக்கப்போவதில்லை. ரோசரிக்கு நெஞ்சு ஆறவில்லை. ஆறும் என்று நினைத்திருந்தாள், துளிகூட ஆறவில்லை.

செல்லன் இடது கையால் முளையை மறுபடி பிடித்துக்கொண்டான்.

"அடி. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்றதுன்னா சொல்லு, நான் வேணாங்கல. டெண்டு நின்னப்புறம் சொல்லு. காளியம்மா ஒண்டியாத் தூக்கமாட்டா."

அவள் அடித்தாள். இந்த முறை முளையில்.

கூடாரம் நின்ற கொஞ்ச நேரத்தில், கடல் பக்கமிருந்து கறுத்து வந்த மழை திடலின் மேல் கொட்டியது. டொரீன் காளியம்மாளின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். செல்லன் பந்தலுக்குக் கட்டுவது பிரம்பு, நனைந்தால் இளகிக்கொடுக்கும். நனைந்தால் இறுகுகிற கயிறு ஒன்று உலகத்தில் உண்டு என்று அந்தத் திடலில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஏற்கெனவே விறைத்து நின்ற கயிறு நனைய நனையச் சுருங்கியது. முளைகள் முனகின. இரண்டு கூடாரம் தள்ளி ஒரு முளை தெறித்துப் பறந்து ஒருவனின் முன்பல்லைக் கொண்டுபோனது. இன்னொரு கூடாரத்தில் கம்பு படாரென்று முறிந்தது. வேலியோரம் நின்ற காவல்காரப் பையன் அதைத் துப்பாக்கி வெடி என்று பயந்து வானத்தைப் பார்த்துச் சுட்டான். சனங்கள் குய்யோ முறையோ என்று சேற்றில் குப்புற விழுந்தார்கள்.

அந்தக் களேபரத்தில்தான் இவர்களின் முன்கம்பு போயிற்று. முன்பக்க முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொள்ள, கம்பு சாய்ந்து, நனைந்த துணி மொத்தமும் வாசலின் மேல் விழுந்து அடைத்தது. உள்ளே டொரீன் அலறினாள். பின்கம்பு மட்டும் நின்றது. அதன் குழியும் கூழாகிவிட்டது. இரண்டு பக்கமும் பிரிந்துவந்த அதன் கயிறுகளும் முளையைப் பிடுங்க, ஒன்றை ரோசரி பாய்ந்து பிடித்தாள். மற்றதைச் செல்லன் பிடித்தான். யார் விட்டாலும் கம்பும் நீளக்கட்டையும் பிள்ளைகளின் தலையில்தான் விழும். காளியம்மா மார்பெல்லாம் சேறாகப் பின்பக்கத் துணியின் அடியில் புகுந்தாள்.

ரோசரி குதிகாலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். கயிறு உள்ளங்கைத் தோலை உரித்தது. எதிரே செல்லன் இடது கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, நொறுங்கிய கையையும் சேர்த்துப் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். ஒருவர் முகத்துக்கு நேராக ஒருவர் முகம். யேசுவே, இவன் கை விட்டுவிடக்கூடாது என்று அவள் வேண்டினாள். இவன் சாக வேண்டும் என்று ஒரு மாதமாக வேண்டியதும் அதே யேசுவிடம்தான்.

அப்போதுதான் இன்ஸ்பெக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்தார்கள். கூடாரம் விழுகிறதா நிற்கிறதா என்பது அவர் கவலை இல்லை. வந்த காரியம் முடிய வேண்டும்.

"யாரும்மா? காட்டு," என்றார்.

"உள்ள புள்ளைங்க இருக்குங்க," என்றாள் ரோசரி. காட்ட வேண்டுமானால் கையை விட வேண்டும். அது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, குடையடியில் நின்று பொறுத்துக்கொண்டார். செல்லனின் கையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது. இது என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"முளை அடிக்கிறப்ப பட்டுருச்சுங்க," என்றான் செல்லன்.

துணியின் அடியிலிருந்து முதலில் குழந்தை வந்தது. பிறகு காளியம்மா. கடைசியாக டொரீன், முழங்கை சிராய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு. இப்போது உள்ளே ஒரு பாயும் பெட்டியும்தான் இருந்தன.

"பிள்ளைங்க வந்தாச்சு. கயித்த விடு. கையக் காட்டு."

ரோசரி எதிரே பார்த்தாள். செல்லனும் விட்டிருக்கலாம், இனி பிடித்திருக்க அவனுக்கு ஒரு அவசியமும் இல்லை. அவன் விடவில்லை. அவன் கையிலிருந்து வழிந்த ரத்தம் கயிற்றின் வால் நெடுக மழையோடு கலந்து இறங்கி, தரைக்குப் போய்ச் சேருமுன் நிறமில்லாமல் போனது. அவன் மேலிருந்த வெறுப்பு அவளிடம் குன்றிமணி அளவும் குறையவில்லை. அவனுடைய குழந்தை சேற்றில் உட்கார்ந்து வீரிட்டு அழுதது. அதன் கழுத்தை ரோசரி பார்த்தாள்.

"காதுல விழலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டொரீனுக்கு ஒன்றும் தெரியாது. கூடாரம் விழப்போகிறது என்பதுதான் தெரியும். ஓடிவந்து அம்மாவின் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்து இழுக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்துக் காளியம்மா குழந்தையை அப்படியே விட்டுவிட்டுப் போய்ச் செல்லனின் பின்னால் நின்று பிடித்தாள். ஆளில்லாத கூடாரம் பாதி விழுந்தும் பாதி நின்றும் நடுவில் ஆடியது. ரோசரி இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பவில்லை, கயிற்றையும் விடவில்லை. கால் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் சேற்றுக்குள் அழுத்தினாள்.