செருப்பைக் கழற்றும் தோட்டம்

சித்திரை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, என் செருப்பை எங்கே கழற்றி விடுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். கம்பிவேலிக் கதவுக்கு வெளியே கல்யாண மண்டப வாசல் மாதிரி செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே எங்கள் நகரின் பெரிய மனிதர்கள் எல்லாம் வெறுங்காலோடு கரிசல் மண்ணில் நடை பழகிக்கொண்டிருந்தார்கள். யாரோ "ஐயோ அம்மா" என்று கத்தினார்கள். நெருஞ்சி முள். "அப்படியே நடங்க, பழகிடும்" என்றார் முத்துசாமி சார்.

முத்துசாமி சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். பெரம்பலூரில் எங்கள் நகருக்கென்று பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பல வருடமாகச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, பாத்தி பிரித்து, வீட்டுக்கு ஒன்று என்று மாதச் சந்தாவுக்குக் கொடுத்துத் தோட்டக் குழு ஆரம்பித்தவர் அவர்தான். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஒரே ஒரு பிடிவாதம், தோட்டத்துக்குள் யாரும் செருப்புப் போடக் கூடாது. "மண்ணு தாய்ங்க. தாய் மேல செருப்புக் காலோட ஏறுவோமா?" என்பார். போதாததற்கு, வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை குறையும் என்று ஒரு வீடியோவும் பார்த்திருந்தார். நான் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருப்பவள். நகரில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது எனக்கு மனப்பாடம். அவருக்குக் குறையவே இல்லை. தொழில் தர்மம், வாயைத் திறக்க மாட்டேன்.

அன்றைக்கே கேட்டார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?"

"வேப்பந்தட்டை பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

தெருவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் தலையை ஆட்டினார். பிறகு உண்மையான சந்தோஷத்தோடு, "அப்ப நீங்கதாம்மா எங்களுக்கு டீச்சர். களை எடுக்கறதெல்லாம் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே" என்றார்.

எனக்கு ஒரு இழவும் தெரியாது. அம்மா அடுத்தவர் வெங்காயக் காடுகளில் களை எடுத்து, தாள் அறுத்து என்னைப் படிக்க வைத்தவள். என்னை மட்டும் காட்டுப் பக்கமே விட்டதில்லை. லீவு நாளில்கூட வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போவாள். பிறகு ஹாஸ்டல், பிறகு லேப். உளுந்துச் செடிக்கும் பயத்தஞ்செடிக்கும் வித்தியாசம் தெரியாமலேயே நாற்பது வயதைத் தாண்டிவிட்டேன். இதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை. தேவயானிக்கு அடக்கம் ஜாஸ்தி என்றார்கள்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் அந்தப் பாத்திதான். ஒரு கட்டில் அளவு இருக்கும். தானே நட்டு, தானே பிடுங்கி, தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடக் கிடையாது. அதை அம்மா ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. வைகாசியில் கூப்பிட்டேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்பக் கழட்டச் சொல்றாங்களாமே?"

"அது எல்லாருக்கும்தாம்மா."

"எல்லாருக்குமே இருந்துட்டுப் போவட்டும். நான் வரல."

என் அம்மா அம்சவள்ளி ஒன்று சொன்னால் சொன்னதுதான். ஆடியில் எல்லோரும் வெண்டை விதைத்தார்கள், நானும் வீம்புக்குத் தனியாகவே விதைத்தேன். முளைத்து வந்ததில் எது களை என்று பார்த்துப் பார்த்துப் பிடுங்கினேன். பக்கத்துப் பாத்திப் பிரவீணா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடுங்கியதை அவளும் பிடுங்கினாள், நான் விட்டதை அவளும் விட்டாள். அவளைப் பார்த்து அடுத்த பாத்தி, அதைப் பார்த்து அதற்கடுத்தது. ஆவணி முடிவதற்குள் தோட்டம் முழுக்க ஓங்கி வளர்ந்து மஞ்சள் பூ பூத்தது. காய் மட்டும் வரவில்லை.

"அக்கா, இது ஏதும் நாட்டு வெண்டைங்களாக்கா?" என்றாள் பிரவீணா, மெதுவாக.

அது துத்தி. ரோட்டோரத்தில் தானாக முளைக்கிற துத்தி. வெண்டையை எல்லாம் வேரோடு பிடுங்கி எறிந்தவர்கள் நாங்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முத்துசாமி சார், "துத்தி மூலத்துக்கு நல்லதுதான்" என்று ஆளுக்கொரு கட்டு கொடுத்தனுப்பினார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புரட்டாசியில் ஹார்டுவேர் கடை ராசாங்கம் ஷூவோடு உள்ளே வந்துவிட்டார். "சுகர் காலு சார் இது. முள்ளு குத்துனா ஆறாது, டாக்டர் திட்டுறாரு" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் முத்துசாமி சார் குரலை உயர்த்தாமல், "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். அடுத்த வாரம் ராசாங்கத்தின் பாத்தியில் வேறொருவர் கொத்தமல்லி தூவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து என் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தேன். எனக்கு என் பாத்தி வேண்டியிருந்தது.

ஐப்பசி கடைசியில் மழை விட்டதும் எல்லோரும் சின்ன வெங்காயம் ஊன்றினோம். இந்த முறை என்னை யாரும் பார்த்துச் செய்யவில்லை. நான் பிரவீணாவைப் பார்த்துச் செய்தேன். மார்கழியில் தாள் நிமிர்ந்து நின்றது. போட்டோ எடுத்து வந்து அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு காடு இது?"

"நம்மளுதும்மா."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். சோற்றை எடுத்து வைத்தபடியே சொன்னாள். "உங்கப்பா திருச்சியிலேருந்து ஒரு சோடி செருப்பு வாங்கியாந்து குடுத்தாரு, கல்யாணமான புதுசுல. காட்டுக்குப் போறப்ப அவங்க தெரு வரும்ல, அப்ப கையில எடுத்துக்குவேன். தாண்டுனதும் கால்ல போட்டுக்குவேன். காட்டுக்குள்ள எறங்கறப்ப திரும்பக் கையில. அந்தச் செருப்பு தேயவே இல்ல தெரியுமா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நீ என்னடான்னா மாசாமாசம் காசு கட்டிக் கழட்டிட்டு நிக்கிற."

எனக்கு அவமானமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு அறுவடை என்று குழுவில் செய்தி வந்தது. "செருப்போட வாம்மா" என்றேன்.

"உம் பாத்தியப் புடுங்கிடுவாங்கடி."

"புடுங்கட்டும். அதுக்குள்ள வெங்காயத்த நாம புடுங்கிடுவோம்."

அம்மா பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டாள். ஆட்டோவில் போய் இறங்கினோம். முந்தின நாள் யாரோ குழாயை மூட மறந்ததில் பாதையெல்லாம் சேறு. கதவருகே செருப்புக் குவியலைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாகக் கீழே போனது. வலது கால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டாள். வெறுங்காலை உள்ளே வைத்தும் விட்டாள்.

"போடும்மா" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்துக்கொண்டாள். நான் என்னுடையதைக் கழற்றவே இல்லை.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முத்துசாமி சார் கையில் வெங்காயக் கொத்தோடு வந்தார். "அம்மா, செருப்பு..." என்று ஆரம்பித்தார்.

"எம் மவ காட்டப் பாக்க வந்தேங்க" என்றாள் அம்மா. நின்று பதில் கேட்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். கரிசல் சேறு செருப்பில் அப்பி அப்பி ஒவ்வொரு அடிக்கும் கால் கனத்தது. தடுமாறியபோது என் தோளைப் பிடித்துக்கொண்டாளே தவிர, கழற்றவில்லை.

என் பாத்தியில் குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கினாள். கட்டைவிரலால் மண்ணைத் தேய்த்தாள். "ரொம்பச் சிறுசு" என்றாள். சொல்லிக்கொண்டே அதை மடியில் செருகிவிட்டுச் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள், யாராவது பார்த்தார்களா என்று. அடுத்த நொடி அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். மடியிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள், ஆட்டோ ஏறுகிற வரைக்கும்.

குழுவில் அதற்குப் பிறகு எனக்கு ஒரு செய்தியும் இல்லை, நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. முத்துசாமி சார் இந்த மாதச் சர்க்கரைப் பரிசோதனைக்கும் வரவில்லை. பங்குனி பிறந்துவிட்டது, வெயில் ஏறிவிட்டது. லேப்புக்குப் போகும்போது தினமும் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பார்க்கிறேன். என் பாத்தி காலியாகத்தான் கிடக்கிறது. அதில் இன்னும் யாரும் எதுவும் ஊன்றவில்லை. சேறு காய்ந்து பாதை கட்டாந்தரையாக இறுகிவிட்டது. விரல் பதிந்த வெறுங்கால் தடங்களுக்கு நடுவே இரண்டு சோடி செருப்புத் தடங்கள் என் பாத்தி வரைக்கும் போய்த் திரும்புகின்றன. கதவை ஒட்டி மட்டும் ஒரு சின்ன வலதுகால் தடம், ஐந்து விரலும் தெரிய. அதன் குதிகாலை மிதித்தபடி அதே காலின் செருப்புத் தடம்.