வைரத்தில் வேலை

"அந்த வார்த்தை மட்டும் உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. வந்துச்சு, உன் தங்கச்சி காலம் பூரா இந்த வீட்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான்."

சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்று மாமா உத்தரவு போட்டார். அம்மாவின் தம்பி. மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம் என்பதால் சலவைச் சட்டை, அதற்கேற்ற குரல். மூத்தவள் தட்டில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த வார்த்தை மாமா? புற்றுநோய்ங்கிறதா?"

"மெல்லப் பேசு! சுவருக்கும் காது இருக்கு."

"சுவருக்கு இருக்கட்டும். அம்மாவுக்கு மார்புல கட்டி இருக்கே. திங்கக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியாச்சு. அதைத் தள்ளிப் போடச் சொல்லி நீங்க ஏன் போன் பண்ணணும்?"

"கல்யாணம் முடியட்டும். கட்டி என்ன, ஓடியா போயிடும்?"

"ஓடாது. பரவும்."

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே "விடுடி" என்றாள். "சின்னவ ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். அப்புறம் என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போ."

மாமாவின் சட்டப்படி நோய்கள் இரண்டு வகை. ஆண்களுக்கு வருவது கௌரவமான நோய். ரத்தக்கொதிப்பைச் சபையில் சொல்லிக்கொள்ளலாம். சர்க்கரை இல்லாத டீ கேட்டு அதிகாரம் பண்ணலாம். பெண்களுக்கு, அதிலும் அந்த இடத்தில் வருவது நோயே இல்லை. குடும்ப மானத்தில் விழுந்த ஓட்டை. அதனால் அம்மாவுக்கு வந்திருந்தது வெறும் வாயுக் கோளாறு என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் அறிவித்தாகிவிட்டது.

மூத்தவளின் வேலையும் மாமாவுக்குத் தலைவலியாகத்தான் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவள் கையாள்வது கண்ணுக்கே தெரியாத வைரத் துகள்கள். வெறுமனே விட்டால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிதட்டிவிடும். உடம்பும் அந்நியச் சரக்கு என்று ஓரங்கட்டிவிடும். ஆகவே மேலே ஒரு பூச்சு கொடுத்து, புற்றணுவைத் தேடி ஒட்டிக்கொள்ளும் புரதத்தையும் மருந்தையும் அதன்மேல் ஏற்றி அனுப்புவார்கள். பச்சை ஒளி பட்டால் துகள் சிவப்பாக ஒளிரும், கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆராய்ச்சி இன்னும் எலிகளைத் தாண்டவில்லை. ஆனால் அங்கே ஓர் எலிக்குக் கட்டி கண்டால் அன்றைக்கே படம் எடுத்துப் பார்ப்பார்கள். அந்த எலிக்கும் தங்கைகள் இருக்கலாம். அவற்றின் கல்யாணம் வரைக்கும் பொறுத்திருக்கச் சொல்ல அங்கே மாமா யாரும் இல்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல முடியுமா? "மூத்த பொண்ணு வைரத்துல வேலை பார்க்குது" என்று முடித்துவிட்டார் மாமா. பூச்சு வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். பெரியவர் பேசினார், அந்த அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். பெண் பிடித்திருந்தது, வீடு பிடித்திருந்தது.

"எங்களுக்குன்னு எந்த டிமாண்டும் இல்ல" என்று டீயை உறிஞ்சினார் அவர். இப்படி ஆரம்பிக்கிறவர்கள் லேசில் முடிப்பதில்லை. "பொண்ணுக்கு ஒரு வைர செட் மட்டும் போட்டுடுங்க. கடையில வாங்கணும்னா நாங்க கேப்போமா? உங்களுக்கு வீட்டுச் சரக்குதானே!"

தவளை தன் வாயால் கெட்டது. மாமா மூத்தவளின் அப்பாவைப் பார்த்தார். அப்பா வழக்கம்போல மின்விசிறியைப் பார்த்தார்.

"எங்க வைரத்தைக் காட்டட்டுமா?" என்று மூத்தவள் செல்போனை நீட்டினாள். படத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கல்.

"என்னம்மா இது, பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு?"

"இதுக்குள்ள கோடிக்கணக்குல வைரம் இருக்குங்க. நகைக்கு ஆகாது. புற்றுநோய்க் கட்டி எங்கன்னு தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு."

மாமா இருமினார். இருமலில் அமுங்கிப்போகிற வார்த்தையா அது? பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தனையோ படிப்பு இருக்க, ஒரு பொண்ணு இதை ஏன் எடுக்கணும்? வீட்ல யாருக்காவது...?"

கதவோரம் தங்கையின் முகம் தெரிந்தது. வெளுத்துப்போயிருந்தது. சமையலறையில் அத்தனை வாதாடியவள் இப்போது செல்போனை அணைத்தாள்.

"இல்லைங்க" என்றாள் மூத்தவள். "யாருக்கும் இல்ல."

சொன்ன உடனேயே அவமானமாக இருந்தது.

"பொய் சொல்றா." அம்மா பிஸ்கட் தட்டோடு வந்து நின்றாள். "எனக்குத்தான் இருக்கு. இடது மார்புல. திங்கக்கிழமை ஆபரேஷன்."

"அக்கா!"

"நீ சும்மா இருடா. இத்தனை நாள் நான் மறைச்சேன், போகட்டும். இப்போ இவளையும் பொய் சொல்ல வெச்சுட்டேனே."

பெரியவர் எழுந்துவிட்டார். "நல்ல வேளை, இப்பவாவது தெரிஞ்சுது. இதெல்லாம் ரத்தத்துல வர்றது" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். மாமா பின்னாலேயே ஓடினார். "சின்னக் கட்டிதாங்க, ரொம்பச் சின்னது!"

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளையின் அம்மா, "கொஞ்சம் தண்ணி வேணும்" என்று சமையலறைக்குள் வந்தாள். அம்மாவும் பெண்களும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள். தண்ணீரைத் தொடவில்லை. மூத்தவளின் கையைப் பிடித்துத் தன் அக்குளோரம் வைத்தாள். விரல்களுக்கடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

"எப்போலேர்ந்துங்க?"

"பையனோட பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் வேலை கிடைக்கட்டும்னு. இப்போ கல்யாணம் முடியட்டும்னு. உங்க வைரத்துல இது என்னன்னு தெரியுமாம்மா?"

"அது இன்னும் மனுஷங்களுக்கு வரலங்க. உங்களுக்கு ஆஸ்பத்திரியில வழக்கமா பண்ற டெஸ்ட் போதும். கட்டின்னாலே புற்றுநோய்னு இல்ல. ஆனா நாளைக்கே பார்த்துடணும். நான் கூட வர்றேன்."

அம்மா ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

வெளியே பெரியவரின் குரல் தெருவுக்கே கேட்டது. "வர்றியா இல்லையா?" என்று மனைவியை அதட்டிவிட்டு மாமாவிடம் திரும்பினார். "எங்க பரம்பரையில இப்படி ஒரு நோய் எட்டிக்கூடப் பார்த்ததில்ல, தெரிஞ்சுக்குங்க!"

"தெரியாதுங்களா! உங்க குடும்பத்தைப் பத்தி ஊருக்கே தெரியுமே!" என்றார் மாமா.

மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவரைப் போகச் சொல்லும்மா" என்றாள் சின்னவளைப் பார்த்து. "எனக்கு நேரமாகும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்த அந்த மாசுமறுவற்ற பரம்பரையிடம், சொன்னது சொன்னபடி சொல்லிவிட்டு வந்தாள்.