கிழக்குக் குடாவின் கரடிகள்

வடதுருவ ஊரொன்றின் வேட்டைக்காரர் சங்கத்துக்குத் தலைவியாகி மூன்றாம் வருடம்தான் உலாயுக் முதன்முறையாக ஓர் ஆராய்ச்சிக்கு மறுப்பு எழுதினாள். தெற்கிலிருந்து டாக்டர் மெர்சியே கடிதம் போட்டிருந்தார்: ஹெலிகாப்டரில் விரட்டி, நாற்பது பனிக்கரடிகளுக்கு மயக்க ஊசி போட்டுக் கணக்கெடுக்கப் போகிறார். சங்கம் சம்மதிக்காமல் உரிமம் கிடைக்காது. மறுப்பைக் கண்டதும் மனுஷர் விமானம் ஏறி நேரில் வந்துவிட்டார்.

கூட்டத்தில் பன்னிரண்டு பேர். நடுவில் உறைந்த மீன்; ஆளாளுக்குச் சீவித் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஊசி போட்ட கரடிய நாங்க தின்னா, நாங்களும்ல சேந்து தூங்கணும்!" என்றான் உலாயுக்கின் தம்பி தாவ்டு. அவள் சிரிக்காமல் மொழிபெயர்த்தாள்.

மெர்சியே பொறுமையாகத்தான் பேசினார். "எண்ணிக்கை தெரியலேன்னா வனவிலங்கு வாரியம் உங்க வேட்டையக் கொறச்சிடும்மா. பயமுறுத்தல, நடக்கப்போறதச் சொல்றேன்."

"எண்ண வேண்டாம்னு யாரு சொன்னா? வெரட்டி ஊசி போட வேண்டாம்னுதான் சொல்றோம். கரடிகிட்டேருந்து உங்களுக்கு என்னதான் வேணும்?"

"ரத்தம். இல்லாட்டி முடி. கழிவுகூடப் போதும், எந்தக் கரடி, ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடும். ஆனா அதை யாரு தேடிப் பொறுக்கறது?"

அறையே அதிர்ந்து சிரித்தது. "கரடி எங்க ஒதுங்கும்னு நம்மகிட்ட கேக்கறாரு பாரு!" என்றான் தாவ்டு.

அன்றே உலாயுக் நிபந்தனைகளை எழுதினாள். எங்கே தேடுவதென்று சங்கம் சொல்லும். சேகரித்தவர்களின் பெயர் அறிக்கையில் வரும். முடிவு முதலில் இந்த மேசைக்கு, இந்த ஊர் மொழியில் வர வேண்டும். பிறகுதான் வேறு எங்கும். மெர்சியே இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வசந்தம் முழுக்கச் சங்கத்துக் குளிர்பெட்டி கரடி முடியும் கழிவுமாக நிரம்பி வழிந்தது. 'கறி இருக்குன்னு யாரும் தொறந்துராதீங்க' என்று ஊர் வானொலியில் அறிவிப்பே போட்டார்கள்.

இலையுதிர் காலத்தில் மெர்சியே முடிவோடு வந்தார். எழுபத்தோரு கரடிகள், பழைய கணக்கைவிட இருபத்தாறு அதிகம். மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். அவர் மட்டும் தயங்கி, கிழக்குக் குடாவின் பக்கத்தைப் புரட்டினார். அங்கே இருபத்து மூன்றில் பெண் கரடிகள் நாலே நாலு.

"இதுக்கு என்ன செய்யறதுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார்.

தாவ்டு வழக்கமாக வேட்டையாடுவது அந்தக் குடாவில்தான். அது உலாயுக்குக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாள்: "ரெண்டு வருஷம் அங்க கரடி வேட்டை வேண்டாம். சரின்றவங்க கை தூக்குங்க."

"ஒரு தாளப் பாத்துட்டு என் எடத்த மூடுவியாக்கா?"

"அந்தத் தாள்ல இருக்கறது நீ பொறுக்கினதுடா. உன் பேருதான் மொதல்ல போட்டிருக்கு."

பதினொரு கைகள் உயர்ந்தன. தாவ்டு கையைத் தூக்காமல் எழுந்து போய்விட்டான். ஒரு மாதம் அக்காவோடு பேசவில்லை.

வாரிய விசாரணையில் முன்பெல்லாம் வேட்டைக்காரர்களுக்குப் பின்வரிசை நாற்காலிதான். இம்முறை உலாயுக் முன்மேசையில் உட்கார்ந்து கணக்கைப் படித்தாள். குடாவைப் பற்றியும் மறைக்கவில்லை.

"அதை மூடச் சொன்னது யாரு?" என்று கேட்டார் உறுப்பினர் ஒருவர்.

"யாரும் சொல்லல. நாங்க மூடினோம். தொறக்கறதும் நாங்கதான்."

வாரியம் வேட்டை அளவில் கை வைக்கவில்லை. குடாவின் தடையைச் சங்கத்தின் தீர்மானம் என்றே பதிவு செய்தது. பிறகு, சேகரித்தவர்கள் யாராவது பேசலாம் என்றார்கள். முறைத்தபடி மூலையில் நின்றிருந்த தாவ்டு விறுவிறுவென்று வந்து ஒலிவாங்கியைப் பிடித்தான். பனி எப்போது உடைகிறது, தாய்க்கரடி எந்தச் சரிவில் குழி தோண்டும் என்று ஆரம்பித்து நாற்பது நிமிடம் விடவில்லை. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன் என்பதுபோல வாரியத் தலைவர் உலாயுக்கைப் பார்த்தார். அவள் தனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டாள்.