இருளாண்டி பக்கம் எறிந்த மாவு

இருளாண்டிக்கு மருமகன் மேல் கோபம் அதிகமா, கெண்டை மீன் மேல் கோபம் அதிகமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மகள் தினுஷா மாதா கோயிலில் வைத்து ஜெனோசனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவர் அந்த இரண்டு பேரோடும் பேசுவதில்லை. அன்றிலிருந்தே நாலந்தைக் குளத்துக் கெண்டைகளும் அவரை மதிப்பதில்லை.

மனுஷன் சும்மா இருந்தாரா? பெரிய தூண்டில் முள் மீனை மிரட்டுகிறது என்று சின்ன முள்ளாகக் கட்டினார். தடித்த நூல் தண்ணீருக்குள் தெரிகிறது என்று மாத்தளை டவுனுக்குப் போய் மெல்லிய நூலாக வாங்கி ரீலில் சுற்றினார். ஈயத்தைக் குறைத்தார், மிதப்பை மாற்றினார். கோல் நுனியில் மணிகூடக் கட்டிப் பார்த்தார். அது காற்றுக்கு மட்டும் அடித்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவருக்குக் குளமே கோணலாகிவிட்டது.

தூண்டிலில் வைக்கும் மாவை மட்டும் மாற்றவில்லை. வறுத்த தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, கனிந்த வாழைப்பழம், மேலே ஒரு சிட்டிகை பெருஞ்சீரகம். அது அவருடைய சொந்தக் கைமுறை, ஊரில் வேறு யாருக்கும் சொன்னதில்லை. பிசைந்து கொடுப்பது மட்டும் சின்ன வயதிலிருந்து தினுஷாவின் வேலையாக இருந்தது. அவள் போன பிறகு, மனைவி சுந்தரம்மா அந்தக் கண்றாவியைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், அவரே பிசைந்துகொண்டார்.

சுந்தரம்மா மகளைப் பார்க்க ஒளித்து மறைத்துப் போய் வருவது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஆனால் அவள் திரும்பி வந்த நாளில் மட்டும் அடுப்படிப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பார், அவளாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று. மகளைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஏக்கம். அவளாக வந்து கூப்பிடட்டும் என்று அதைவிடப் பெரிய வீம்பு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெனோசனும் அதே கரைக்குத் தூண்டிலோடு வந்துவிடுவான். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவனுக்கு அது ஒன்றுதான் ஓய்வு நாள். கொஞ்சம் தள்ளி உட்காருவான். அந்தக் கரைக்கு ஒரு சட்டம் உண்டு. இரை போட்டு மீனைப் பழக்கிய இடம் போட்டவனுக்குத்தான் சொந்தம். அடுத்தவன் இடத்தில் ஒரு கல்லைக்கூட எறியக்கூடாது. இந்தப் பயலோ வந்ததும் முதல் வேலையாக ஒரு மாவு உருண்டையைப் பிய்த்துப் பிய்த்து இருளாண்டியின் மிதப்பைச் சுற்றி எறிவான். அதன் பிறகுதான் தன் தூண்டிலைப் போடுவான்.

இடத்தைக் குழப்பத்தான் எறிகிறான் என்று இருளாண்டிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் திட்டுவதென்றாலும் பேச வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் குமிழி கிளம்பும், மீன் கூடும், ஒன்றும் கடிக்காமல் போய்விடும். மருமகன் மட்டும் மீனோடு வீட்டுக்குப் போவான்.

அன்றைக்கும் அப்படித்தான் எறிந்தான். சற்று நேரம் கழித்து அவனுடைய ரீல் கிறீச்சிட்டது. மாட்டியது சாதாரண மீன் இல்லை என்பது கோல் வளைந்த வளைவிலேயே தெரிந்தது. பெரிய மீன் மாட்டினால் மற்றவர்கள் வழிவிட வேண்டும் என்ற கரைச் சட்டப்படி எல்லோரும் தங்கள் நூலைச் சுருட்டி எடுத்தார்கள். இருளாண்டி மட்டும் எதிர்ப்பக்க மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நூல எடுங்க. மீன் ஒங்க பக்கம் வருது."

அவர் அசையவில்லை. மீன் ஓடி வந்து அவருடைய நூலைச் சுற்றிக்கொண்டது. இரண்டு நூலும் பின்னிக்கொண்டன. இனி யார் இழுத்தாலும் ஜெனோசனின் நூல் அறுந்துவிடும். அப்போது மீன் ஒருதரம் மேலே புரண்டது. அந்த அகலத்தைப் பார்த்ததும் இருளாண்டிக்கு மனசு கேட்கவில்லை. மருமகன் எதிரியாக இருக்கலாம், மீன் என்ன பாவம் செய்தது? இடுப்புக் கத்தியை எடுத்துத் தன் புது நூலை அறுத்துவிட்டார். மிதப்பு தன் பாட்டுக்குப் போனது. மீன் அள்ளும் கைவலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"ரீல கொஞ்சம் தளத்து. தல இந்தப் பக்கம் திரும்பட்டும்."

மருமகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

மீனைக் கரையேற்றி, வாயிலிருந்து முள்ளைக் கழற்றும்போது அதில் ஒட்டியிருந்த மாவு விரலில் பட்டது. முகர்ந்து பார்த்தார். பெருஞ்சீரகம். மாவு யார் பிசைந்தது என்று கேட்டார். தினுஷாதான் என்றான் ஜெனோசன். அப்படியானால் அதை ஏன் தன் பக்கம் எறிகிறான் என்று கேட்டார். அவன் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஞாயித்துக்கிழமையானா ரெண்டு உருண்ட பெசஞ்சி குடுப்பா மாமா. ஒன்னு எனக்கு, ஒன்னு ஒங்களுக்கு. அப்பா கையெல்லாம் கராம்பு எண்ணெ, அவரு பெசஞ்சா மீனு தொடாது, கொண்டு போயி குடுங்கன்னுவா. ஒங்க மொகத்தப் பாத்தா குடுக்கப் பயம். திருப்பிக் கொண்டு போனா அவ அழுவா. அதான் ஒங்க பக்கம் எறிஞ்சிடுவேன்."

இருளாண்டி தன் உள்ளங்கையை முகர்ந்தார். உக்குவளையில் கராம்பு எண்ணெய் வடிக்கும் ஆலையில் வேலை செய்கிறவருக்கு மூக்கு அந்த வாசத்துக்கு என்றோ மரத்துப் போயிருந்தது. அவள் கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று அவர் காத்திருந்த ஞாயிறுகளில் எல்லாம் அவள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதைக் குளத்து மீன் தின்றிருக்கிறது.

"அந்த உருண்டையில மிச்சம் இருக்கா?"

பாதி இருந்தது. வாங்கிக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போடுவதற்கு அவரிடம் மிதப்பும் இல்லை, முள்ளும் இல்லை.

வலை பிடித்தவருக்குத்தான் மீன் தலை. அதுவும் அந்தக் கரைச் சட்டம். ஜெனோசன் தலையை வெட்டக் கத்தியை எடுத்தான். இருளாண்டி அவன் கையைப் பிடித்தார்.

"வெட்டாத. முழுசா வீட்டுக்குக் கொண்டு போ மாப்ள. ஏம் பங்க நான் அங்க வந்து தின்னுக்கிறேன். கொழம்புல புளிப்புக்குக் கொறுக்காய மட்டும் கொறச்சிப் போடச் சொல்லு. அவ எப்பவும் கூடப் போட்டுருவா."