கேரியர் கம்பி

“கண்ணாலத்துக்கு முன்னாடியே உனுக்கு இந்தக் கால் வலி இருந்துச்சா?”

காசிநாதன் இப்படிக் கேட்டபோது பிரபா அவர் முன்னால் காபி டம்ளரை வைத்துவிட்டு நிமிர முடியாமல் நின்றிருந்தாள். இடது பிட்டத்தில் பிடித்த வலி தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கணுக்கால் வரை சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பாத்தியா மாமா, வாயத் தொறக்குதா பாரு” என்றாள் மாமியார் எல்லம்மாள். “மறைச்சித்தான் கட்டி வெச்சிட்டானுங்க.”

காசிநாதன் இறந்துபோன மாமனாரின் அண்ணன். திருவிடந்தையில் அந்த வீட்டுக்கு நல்லது கெட்டது எல்லாம் அவர் வாயால்தான். “பௌர்ணமி கழிச்சி வரேன். செய்யூர்லேந்து இவ அப்பனையும் வரச் சொல்லு. நோவு தீர்ற வரைக்கும் பொண்ணு அங்கியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் இப்படி அனுப்பிவைத்த அவருடைய சொந்த மருமகளே இன்னும் திரும்பி வரவில்லை. புருஷன் சுப்பிரமணி சுவரில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். வலியைவிட அந்த நகம் கடித்தல்தான் பிரபாவுக்கு எரிந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் வேர்க்கடலை மூட்டையை ஒற்றை ஆளாகப் புரட்டியவள். கழனியில் நாளெல்லாம் குனிந்தவள். இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள் கால் போயிற்று. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாதான் அதைக் கேட்டாள்; கேட்டுவிட்டுச் சொன்னாள்: “இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் போற நரம்பு எங்கேயோ அழுந்துது. எப்படிப் படுக்கிற, எப்படி உக்கார்ற, எதைத் தூக்குறன்னு வீட்ல பாரு. ஒண்ணை நிறுத்திப் பாரு, குறையலன்னா அடுத்ததை நிறுத்து. கால் மரத்துப் போனாலோ, ஒண்ணுக்குக் கட்டுப்பாடு போனாலோ மட்டும் உடனே ஓடி வந்துடணும்.” மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்காமல் காலை மேலே தூக்கினால் வலி எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவும் சொல்லிக்கொடுத்தாள்.

மருமகளுக்கு எதையாவது நிறுத்துவது லேசா? குழிவிழுந்த நைலான் கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டாள். “எம் புள்ளையோட படுக்கப் புடிக்கலையா?” என்றாள் எல்லம்மாள். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் வைக்காமல் அரைக் குடமாகத் தூக்கினாள். “அரைக் கொடத்துல யாருக்குடி கால் கழுவுறது?” கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ சுப்பிரமணியைக் கூப்பிட்டாள். அதற்கு வந்த பேச்சை எழுத முடியாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டும் வலி அப்படியே இருந்தது.

சுவரோரம் படுத்துக் காலைத் தூக்கினால் குதிகால் சுவரின் அடியில் பூசிய நீலப் பட்டையைக்கூடத் தாண்டாது. அதற்குள் மின்னல் வெட்டும். ஒரு மத்தியானம் அவள் அப்படிக் கிடக்கையில் எல்லம்மாள் உள்ளே வந்துவிட்டாள்.

“அய்ய, இன்னாடி கூத்து இது! காலத் தூக்கினு கீற!”

“டாக்டரு சொன்னாங்க அத்த.”

“எந்த டாக்டரு? சர்க்கஸ் டாக்டரா?”

பிறகு சுப்பிரமணியின் மொபெட் கெட்டுப்போனது. மகாபலிபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்கு எதிரே அவர்களுக்கு இட்லிக் கடை; தினமும் இருவரும் அந்த வண்டியில்தான் போவார்கள். மெக்கானிக் வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு எஞ்சின் சாமானுக்காகக் காத்திருந்தான். அந்த வாரம் முழுக்கப் பஸ்ஸில் நின்றுகொண்டே கடைக்குப் போனாள். சுப்பிரமணி தெரிந்த ஆட்டோவில் சாமான்களை ஏற்றிவந்தான். வாரக் கடைசியில் சுவரோரம் படுத்துக் காலைத் தூக்கினாள். குதிகால் நீலப் பட்டையைத் தாண்டிப் போய், தாழ்வாக இருந்த சுவிட்சு பெட்டியைத் தொட்டது.

பிரபா படுத்தபடியே கிடந்தாள். சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது, காது சுடும் அளவுக்கு.

அந்த வண்டியின் முன்னால் மாவு டிரம் நிற்கும். அது இடித்து சுப்பிரமணி பின்னால் நகர்ந்து உட்காருவான். மிச்சமிருக்கும் சீட்டில் ஒருக்களித்து உட்காரும் அவளுக்குப் பாதிதான் இடம். மீதிப் பாதி, அதாவது இடது பிட்டம், கேரியர் கம்பியின் மேல். இடது தொடைமேல் சுடச்சுட சாம்பார் கேன். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரலாம் என்றால், “எங்கூட்டுப் பொம்பள அப்பிடி ஒக்கார மாட்டா” என்று கல்யாணமான மறுநாளே எல்லம்மாள் சொல்லியாயிற்று. திருவிடந்தையிலிருந்து கடை வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் கம்பி அதே இடத்தில் குத்தும். கட்டை விரலால் அங்கே அழுத்திப் பார்த்தாள். வலி கணுக்கால் வரை ஓடியது.

பௌர்ணமி கழிந்து காசிநாதன் வந்தார். “இவ அப்பன் எங்க?”

“நான்தான் வர வேணாம்னு சொல்லிட்டேன், பெரிய மாமா” என்றாள் பிரபா. “நீங்க கேட்டதுக்குப் பதிலு வாசல்ல கீது. வந்து பாருங்க.”

ரிப்பேராகி வந்த மொபெட்டின் முன்னால் மாவு டிரம்மை ஏற்றியிருந்தாள். சாம்பார் கேனில் பச்சைத் தண்ணீர் நிரப்பியிருந்தாள்.

“நீங்க வண்டி ஓட்டுங்க. உங்க தம்பி புள்ள பின்னால என்னாட்டம் ஒக்காரட்டும். மடியில கேனு. கோயில் வரைக்கும் போய்ட்டு வாங்க.”

“இன்னாடி திமிரு!” என்றாள் எல்லம்மாள். “ஆம்பளைய ஒருக்களிச்சி ஒக்காரச் சொல்றா!”

“கோயில் வரைக்கும்தான அத்த? நான் மகாபலிபுரம் வரைக்கும் போறேன். நெதம்.”

பக்கத்து வீட்டு லதா வாசலுக்கு வந்து, “ஏறு மச்சான், பொடவ வேணுமா?” என்றாள். சுப்பிரமணியின் முகம் சிவந்தது. ஆனால் ஏறினான். காசிநாதன் இதில் என்ன இருக்கிறது என்பதுபோல் வண்டியைக் கிளப்பினார்.

திரும்பி வந்தபோது சுப்பிரமணி வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தான். கேனைக் கீழே வைத்துவிட்டு இடது பின்பக்கத்தைத் தேய்த்தான். தெருவே பார்க்கிறது என்று தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை அவனால்.

“கம்பி குத்துது பெரிப்பா” என்றான் மெதுவாக.

“ஒரு வருசமா குத்துது” என்றாள் பிரபா. “என் அப்பா மறைச்சிக் குடுத்தது ஒண்ணுமில்ல. நல்ல காலோடதான் அனுப்புனாரு. நாளையிலேந்து சாமான் வண்டியில வரட்டும், நான் பஸ்ஸுல வரேன். இல்லன்னா ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் ஒக்காருவேன். இதுக்கு என்னைச் செய்யூருக்கு அனுப்பணும்னா, அந்தக் கேள்விய மறுபடியும் என் மூஞ்சியப் பாத்துக் கேளுங்க.”

“அதுக்கு நாலு பேர் எதிருல மானத்த வாங்கணுமா?” என்று எல்லம்மாள் முணுமுணுத்தாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சுப்பிரமணி குனிந்து மாவு டிரம்மின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான்.

பிரபா உள்ளே போய்க் காபி கொண்டுவந்து காசிநாதன் முன்னால் நீட்டினாள். இம்முறை குனியவில்லை. அவர் டம்ளரைப் பார்த்தார், கேரியரைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைத் தேடி மாட்டி, செய்யூர்ப் பேச்சை எடுக்காமலே தெருவில் இறங்கிப் போனார்.